நானூறு கிராம்

வெள்ளிதோறும் காலை ஏழேகாலுக்கு
வாஜாவின் கடையில் ஒரு ரொட்டி வாங்குகிறேன்.
ஓடம் போல இருமுனையும் கூர்ந்த ரொட்டி.
குத்தாயிசியில் எல்லோரும் அதைச் சூடாறும் முன்
நுனி கிள்ளித் தின்றபடியே வீடு போவார்கள்.
நான் கிள்ளுவதில்லை.
காகிதத்தில் சுற்றி, கோட்டுக்குள் மறைத்து,
பாலம் கடந்து, நான்கு மாடி ஏறி
சமையல் தராசில் கிடத்துகிறேன்.

ஜனவரியில் நானூறு.
மார்ச்சில் முந்நூற்று எண்பத்திரண்டு.
மழை விடாத ஜூனில்
முந்நூற்று நாற்பத்தொன்று.

ரொட்டி விலை ஏறவில்லை என்றது அமைச்சகம்.
பொய் இல்லை.
வாஜாவின் உள்ளங்கையில் விழுவது அதே நாணயம்தான்.
புள்ளிவிவரத் துறையில் பதினொரு ஆண்டுகள்
நானே அப்படித்தான் எழுதினேன்:
ரொட்டி, ஒன்று.
ஒன்று என்பது எவ்வளவு என்று
ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

இரண்டே வரியில் எழுதி வெளியிட்டேன்.
மாலையே தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள்.
"உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், நெஸ்தான்?"
திரும்பிப் பார்த்தேன்.
கொடியில் காயாத துணிகள்.
அது நேரலையில் போனது.

உண்மையில் எனக்குப் பின்னால் இருப்பவர்
சுக்தீதியில் ஹேசல் கொட்டை ஏற்றுமதி செய்யும் ஒருவர்.
இரவில் அவருக்கு வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன்.
யாருக்கும் கட்டுப்படாதவள் என்று
என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம்
அவருடைய கொட்டை மூட்டைகள் நினைவுக்கு வரும்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை.
ஆனால் பாலத்துக்கு அக்கரையில் களிமண் அடுப்பு மூன்றுதான்.
திங்களன்று ஆய்வாளர்கள் இருவர் வந்து
என் தராசைவிட நல்ல தராசை வைத்து
அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"மாவு விலை உன் அமைச்சகத்துக்குத் தெரியாதா?
எரிவாயு விலை தெரியாதா?
என் வயிற்றில் ஏன் அடித்தாய்?"
வாஜாவின் முன்கையில் மயிர் இல்லை.
நாற்பது ஆண்டு அடுப்புக்குள் குனிந்த கை.
என் அமைச்சகம் இல்லை என்றேன்.
அந்த நேரத்தில் அது
எவ்வளவு அற்பமான திருத்தம்.

அடுத்து எட்டுப் பக்கம் எழுதினேன்.
கோதுமை எங்கிருந்து வருகிறது,
எந்த மூன்று ஆலைகள் அரைக்கின்றன,
தீர்வை யார் தலையில் விடிகிறது,
விலையைக் கட்டிப்போட்டால்
எடை எந்தச் சந்து வழியாக வெளியேறும்.
என் வாழ்நாளின் சிறந்த எட்டுப் பக்கம்.
படித்தவர்களில் ஒருவர்
பக்கம் மூன்றில் எழுத்துப்பிழை என்று எழுதியிருந்தார்.

இரண்டு வரிக்குத்தான் சட்டம் வந்தது.
ரொட்டி ஒன்று, நானூறு கிராம், குறையக் கூடாது.

அந்த வெள்ளி வாஜா என்னைப் பார்க்கவில்லை.
மருமகள் எத்தேரி எடுத்துக் கொடுத்தாள்.
தராசில் நானூற்றிரண்டு.
ஒரு கணம்,
மறைக்க மாட்டேன்,
நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

பிறகு விரலால் அழுத்தினேன்.
அமுங்கிய இடம் எழவில்லை.
பிய்த்தேன். உள்ளே பசை போல் கையில் ஒட்டியது.
மாவு கூடவில்லை.
ரியோனி ஆற்றுத் தண்ணீர் கூடியிருக்கிறது.

துண்டு துண்டாக்கி அடுப்பில் இரவெல்லாம் உலர்த்தினேன்.
காலையில் இருநூற்று ஐம்பத்தாறு.
நல்ல எண்.
ஆனால் ஜனவரி ரொட்டியை நான் உலர்த்தவில்லையே,
எதோடு ஒப்பிட?
அன்று அதைத் தின்றிருந்தேன், வெண்ணெய் தடவி,
சான்று என்று தெரியாமல்.

நோட்டில் புதிதாய் ஒரு பத்தி வரைந்து
மேலே 'நீர்' என்று எழுதினேன்.
பக்கத்துப் பத்தியின் தலைப்பு 'வெளியிட்ட நாள்'.
அதைக் காலியாக விட்டேன்.
சூப்பைச் சூடாக்கி
அன்றைய தரவை அதில் ஊறப்போட்டுத் தின்றேன்.
பாலத்துக்கு அக்கரையில் புகை எழும்பியது.